பாய்லர் முதல் கேமரா வரை... சீன நிறுவனங்கள் மீதான சந்தேகமும் திருச்சி கற்ற பாடமும்!

வெளிநாட்டு கம்பெனிகள் அரசியலில் மூக்கை நுழைப்பது திருச்சிக்குப் புதிதல்ல. இந்தியாவில் அந்த ஆட்டம் சூடுபிடித்த இடங்களில் ஒன்றே திருச்சிதான்.

1751-ல் மலைக்கோட்டைக்குள் இருந்தவர் முகமது அலி. வெளியே முற்றுகையிட்டு நின்றவர் சந்தா சாகிப். இருவருக்குமே ஆற்காடு நவாப் பதவி வேண்டும். முகமது அலிக்குப் பின்னால் ஆங்கிலேயக் கிழக்கிந்திய கம்பெனி, சந்தா சாகிப்புக்குப் பின்னால் பிரெஞ்சுக் கம்பெனி. மறு ஆண்டு ஆங்கிலேயரின் கை ஓங்கியதும், ஜாக் லா தலைமையிலான பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத்துக்குள் புகுந்துகொண்டது. கோயில் மதில்களே அவர்களுக்குக் கோட்டையாகின. 1752 ஜூனில் அங்கேயே சரணடைந்தார்கள். சந்தா சாகிப்பின் தலை துண்டிக்கப்பட்டது.

இதுவரை பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். அதன் பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம்.

வென்ற முகமது அலி, கம்பெனி அதிகாரிகளிடம் வாங்கிய கடனில் மூழ்கிப்போனார். கடன் கொடுத்தவர்கள் லண்டனுக்குத் திரும்பி, பணத்தை இறைத்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இடம்பிடித்தார்கள். தங்களுக்கு வேண்டியவர்களையும் உள்ளே அனுப்பினார்கள். அந்தக் கடன்களில் எது உண்மை, எது பொய் என்று விசாரிக்காமலேயே கர்நாடகப் பகுதியின் வரிப்பணத்திலிருந்து அடைத்துவிட முடிவானது. இதை எதிர்த்து எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் பேசிய நீண்ட உரை இன்றும் பேசப்படுகிறது. ஆனால், முடிவு மாறவில்லை. காவிரிக் கரையில் வரி கட்டிய விவசாயிக்கு, தன் பணம் யாருக்காக, யார் பேசியதால் போகிறது என்பது கடைசிவரை தெரியவே இல்லை.

இன்றைய பாஷையில் இதற்குப் பெயர் 'லாபி'. ஆட்சியில் இருப்பவர்களைச் சந்தித்து, தங்களுக்குச் சாதகமாகச் சட்டத்தையோ வரியையோ டெண்டரையோ வளைக்க முயல்வது. இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு இப்போது பேச்செல்லாம் சீன நிறுவனங்களைப் பற்றி. 'சீனப் பொருளை நம்பலாமா?' என்று எல்லோரும் கேட்கிறார்கள். 'நம்பக் கூடாது என்று சொல்பவர் யார், அதனால் அவருக்கு என்ன லாபம்? நம்பலாம் என்று சொல்பவர் யார், அவருக்கு என்ன லாபம்?' என்ற கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையில் சிக்கி அடிபட்ட ஊர் திருச்சி.

பாய்லர் பிளான்ட் கதை

திருவெறும்பூரில் இருக்கும் பெல் நிறுவனத்தை ஊர்க்காரர்கள் இன்றும் 'பாய்லர் பிளான்ட்' என்றுதான் சொல்கிறார்கள். காமராஜர் முதல்வராகவும் ஆர்.வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த காலத்தில் திருச்சிக்கு வந்த ஆலை அது. 1965-ல் உற்பத்தி தொடங்கியது. தொழில்நுட்பம் தந்தது செக்கோஸ்லோவாக்கியா. அமெரிக்காவும் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு கம்யூனிஸ்ட் நாட்டிடமிருந்து பாய்லர் தொழில்நுட்பம் வாங்குகிறோமே என்று யாரும் உளவு பயம் கொள்ளவில்லை. காரணம் எளிது. அன்றைய பாய்லர் என்பது எஃகும் குழாயும் வால்வும்தான். அது யாருக்கும் தகவல் அனுப்பாது.

அந்த ஆலை கைலாசபுரம் டவுன்ஷிப்பை உருவாக்கியது. துவாக்குடி, அரியமங்கலம் பக்கம் நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகளை வளர்த்தது. பெல் ஆர்டர் கொடுத்தால் பட்டறையில் வெல்டிங் பொறி பறக்கும். நிறுத்தினால் ஷட்டர் இறங்கும். வேறு வாடிக்கையாளரைத் தேடத் தேவையே இல்லாமல் இரண்டு தலைமுறை ஓடியது.

2000-களின் நடுவில் நாடெங்கும் மின்சாரப் பற்றாக்குறை. தனியார் நிறுவனங்கள் வரிசையாக அனல் மின் நிலையம் கட்டக் கிளம்பின. பெல்லிடம் ஏற்கெனவே ஆர்டர்கள் குவிந்திருந்தன, சப்ளை தாமதமானது. அந்த இடைவெளியில் நுழைந்தன ஷாங்காய் எலெக்ட்ரிக், டாங்ஃபாங், ஹார்பின் ஆகிய சீன நிறுவனங்கள். விலை குறைவு, சப்ளையும் வேகம். கூடவே சீன வங்கிகளின் கடனும் வந்தது. 2010 அக்டோபரில் ரிலையன்ஸ் பவர் நிறுவனம், தலா 660 மெகாவாட் திறனுள்ள 36 அலகுகளுக்கான கருவிகளை ஷாங்காய் எலெக்ட்ரிக்கிடம் வாங்க ஒப்பந்தம் போட்டது. மதிப்பு 800 கோடி டாலருக்கும் மேல்.

தமிழ்நாடும் விலக்கல்ல. ஸ்ரீரங்கத்தைச் சுற்றி ஓடும் காவிரித் தண்ணீர் மேட்டூரிலிருந்து வருகிறது. அந்த மேட்டூர் அனல் மின் நிலையத்தின் பழைய 210 மெகாவாட் அலகுகள் நான்கும் பெல் கருவிகளில் ஓடுபவை. 2013-ல் உற்பத்தியைத் தொடங்கிய 600 மெகாவாட் புதிய அலகின் பாய்லரும் டர்பைனும் டாங்ஃபாங் தயாரிப்பு.

அப்போதுதான் டெல்லியில் இரண்டு தரப்பு லாபி தொடங்கியது. 'பெரிய மின் திட்டங்களுக்கு வரும் வெளிநாட்டுக் கருவிக்கு சுங்க வரியே இல்லை. உள்நாட்டில் தயாரிக்கும் எங்களுக்கு எல்லா வரியும் உண்டு. இது என்ன நியாயம்?' என்றன பெல், எல் அண்ட் டி போன்ற உள்நாட்டு நிறுவனங்கள். 'வரி போட்டால் மின்சார விலை ஏறும், மக்கள் தலையில்தான் விழும்' என்றனர் மின் உற்பத்தி நிறுவனத்தினர். திட்டக் குழு உறுப்பினர் அருண் மைரா தலைமையிலான குழு 2010-லேயே வரி போடப் பரிந்துரைத்தது. முடிவெடுக்க இரண்டு வருடங்கள் பிடித்தன. 2012 ஜூலையில்தான் 21 சதவிகித வரிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதற்குள் பெரிய ஆர்டர்கள் பலவும் கைமாறிவிட்டன.

அந்த இரண்டு வருடங்களில் யார், எந்த அமைச்சரை, எத்தனை முறை சந்தித்தார்கள்? என்ன கேட்டார்கள்? பத்திரிகைகளில் கசிந்த துணுக்குகளைத் தவிர மக்களுக்கு ஒன்றும் தெரியாது. 2011-12-ல் சுமார் 7,000 கோடி ரூபாய் லாபம் ஈட்டிய பெல், 2015-16-ல் நஷ்டக் கணக்கு காட்டியது. திருச்சிப் பட்டறைகள் பலவற்றின் வங்கிக் கடன் வாராக் கடனாக மாறியது.

எல்லாப் பழியையும் சீனா மீது போட்டுவிட முடியாது. நிலக்கரித் தட்டுப்பாடு, நிதி நெருக்கடியில் நின்றுபோன தனியார் திட்டங்கள், சூரிய மின்சாரத்தின் வரவு என எல்லாம் சேர்ந்துதான் பாய்லர் சந்தை படுத்தது. பெல் காலத்துக்கேற்ப வேகமாக மாறவில்லை என்ற விமர்சனமும் உண்டு. ஆனால், 'சீனாக்காரன் வந்து கெடுத்துட்டான்' என்ற ஒற்றை வரி, மேடையில் பேச வசதியாக இருந்தது.

எண்ணூரில் நேருக்கு நேர்

சீன நிறுவனமும் பெல்லும் நேருக்கு நேர் மோதிய களம் எண்ணூர். அங்கே சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் தலா 660 மெகாவாட் திறனுள்ள இரண்டு அலகுகளை அமைக்க தமிழ்நாடு மின் வாரியம் டெண்டர் விட்டது. அந்த டெண்டர் நடந்த காலத்தில் முதல்வராக இருந்தவர், 2011-ல் ஸ்ரீரங்கம் தொகுதியில் வென்ற ஜெயலலிதா. ஒரு பக்கம் பெல். மறுபக்கம் சீனாவின் மின் வடிவமைப்பு நிறுவனம் ஒன்றும், டிரிஷே என்ற இந்திய நிறுவனமும் சேர்ந்த கூட்டமைப்பு. 2014 செப்டம்பரில் ஒப்பந்தம் பெல்லுக்குப் போனது.

சீனக் கூட்டமைப்பு விடவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. 2016 அக்டோபரில், மின் வாரியத்தின் முடிவில் தலையிட வேண்டியதில்லை என்று தீர்ப்பு வந்தது. உடன்குடி திட்டத்திலும் இதே இரு தரப்பும் மோதி, மறு டெண்டருக்குப் பிறகு 2017-ல் பெல்லுக்கு ஒப்பந்தம் கிடைத்தது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கோர்ட்டில் சீனத் தரப்பு என்ன வாதிட்டது, வாரியம் என்ன பதில் சொன்னது, நீதிபதிகள் ஏன் அப்படி முடிவெடுத்தார்கள் என்பதை இன்று யார் வேண்டுமானாலும் தீர்ப்பைப் புரட்டிப் படித்துக்கொள்ளலாம். வரி விஷயத்தில் டெல்லி அறைகளில் நடந்த பேச்சுக்கு அப்படி ஒரு பதிவே இல்லை.

எண்ணூரில் வென்ற பிறகும் திட்டம் பல வருடங்கள் இழுத்தது என்பது தனிக்கதை. போட்டியாளரைத் தள்ளிவைத்தால் மட்டும் வேலை நடந்துவிடாது என்பதற்கு அது ஒரு சாட்சி.

கல்வானுக்குப் பிறகு

2020 ஜூன் 15. லடாக் எல்லையில் கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. நாடு கொதித்தது. அதுவரை 'மலிவான சரக்கு' என்று பார்க்கப்பட்ட சீனத் தொழில்நுட்பம், ஒரே வாரத்தில் 'ஆபத்தான சரக்கு' ஆனது.

ஜூன் 29-ல் டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஜூலை 2-ல் மின்சார அமைச்சகம், இறக்குமதியாகும் மின் கருவிகள் அனைத்தையும் மால்வேர் இருக்கிறதா என்று சோதிக்க உத்தரவிட்டது. ஜூலை 23-ல் அரசு டெண்டர் விதிகள் மாறின. இந்தியாவுடன் நில எல்லையைப் பகிரும் நாடுகளின் நிறுவனங்கள் முன்கூட்டியே பதிவுசெய்து, பாதுகாப்பு அனுமதி பெற்றால்தான் டெண்டரில் கலந்துகொள்ள முடியும் என்றானது. பாய்லர் சந்தையில் பெல் வருடக்கணக்கில் கேட்டும் கிடைக்காத வேலி, எல்லையில் நடந்த மோதலால் ஒரு மாதத்தில் எழுந்தது.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்ததா? இருந்தது. 1965-ன் பாய்லரைப் போல இன்றைய மின் நிலையம் வெறும் இரும்பு இல்லை. அதை இயக்குவது சாஃப்ட்வேர். அதை எழுதியவர் விரும்பினால் பின்வாசல் ஒன்றை விட்டுவைக்க முடியும். சீனாவின் 2017 தேசிய உளவுச் சட்டம், அந்நாட்டு நிறுவனங்களும் குடிமக்களும் உளவுப் பணிக்கு ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. அரசு கேட்டால் மறுக்கும் சுதந்திரம் அங்குள்ள நிறுவனத்துக்கு இருக்கிறதா என்ற கேள்விக்கு, எந்தச் சீன நிறுவனமும் முழுத் திருப்தி தரும் பதிலைச் சொன்னதில்லை.

2021 பிப்ரவரி இறுதியில் அமெரிக்காவின் ரெக்கார்டடு ஃபியூச்சர் என்ற சைபர் ஆய்வு நிறுவனம், சீனத் தொடர்புள்ள குழு ஒன்று இந்திய மின் துறை அமைப்புகளைக் குறிவைத்ததாக அறிக்கை வெளியிட்டது. அதில் இடம்பெற்ற இரண்டு துறைமுகங்களில் ஒன்று, தூத்துக்குடி வ.உ.சி துறைமுகம். 2020 அக்டோபர் 12-ல் மும்பை இருளில் மூழ்கியதற்கும் இதுதான் காரணமா என்று பரபரப்பு கிளம்பியது. மின் துறைச் செயல்பாட்டில் பாதிப்பு இல்லை, தகவல் திருட்டும் இல்லை என்றது மத்திய அரசு. மும்பை மின்தடைக்கு மனிதத் தவறே காரணம் என்றார் அப்போதைய மின்சார அமைச்சர் ஆர்.கே.சிங். சீனாவும் மறுத்தது.

அதே சமயம், ஆபத்து சீனப் பெட்டியில் மட்டும்தான் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் மால்வேர் நுழைந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. அணு உலை இயக்கும் அமைப்புகளுக்கு அதனால் பாதிப்பு இல்லை. அந்த மால்வேரை வட கொரியாவோடு தொடர்புள்ள குழுவுடையது என்றார்கள் சைபர் நிபுணர்கள். சீன நிறுவனமான ஹுவாவேயின் சர்வர்களுக்குள்ளேயே அமெரிக்க உளவு அமைப்பு புகுந்ததை, எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் 2014-ல் அம்பலப்படுத்தின. சந்தேகப்பட வேண்டும் என்றால் எல்லோரையும்தான் சந்தேகப்பட வேண்டும்.

சந்தேகத்துக்கு விலையும் உண்டு. பி.எஸ்.என்.எல் நிறுவனத்தின் 4ஜி டெண்டர் 2020-ல் ரத்தானது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மட்டுமே சாதகமாக விதிகள் இருப்பதாக உள்நாட்டுக் கருவித் தயாரிப்பாளர்கள் தரப்பு புகார் செய்திருந்தது. பிறகு டி.சி.எஸ், தேஜஸ், அரசின் சி-டாட் சேர்ந்து இந்தியாவிலேயே தொழில்நுட்பத்தை உருவாக்கின. 2025 செப்டம்பரில் சுமார் 97,500 டவர்களோடு அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பெருமைப்பட வேண்டிய சாதனைதான். ஆனால், ஜியோ 4ஜி-யைக் கொண்டுவந்தது 2016-ல். இடைப்பட்ட காலத்தில் சிக்னலுக்காக மொட்டை மாடி ஏறிய பி.எஸ்.என்.எல் வாடிக்கையாளர் பலரும் வேறு நெட்வொர்க்குக்குப் போய்விட்டார்கள். தற்சார்புக்கான விலையை அவர்களும் கொடுத்தார்கள்.

ஸ்ரீரங்கத்தைப் பார்க்கும் கண்கள்

வைகுண்ட ஏகாதசி அன்று அதிகாலையில் பரமபத வாசல் திறக்கும்போது ஸ்ரீரங்கத்தில் லட்சக்கணக்கானோர் திரள்கிறார்கள். அந்தக் கூட்டத்தைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து கேமரா வழியாகக் கண்காணிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. தொலைந்த குழந்தையைக் கண்டுபிடிக்க, நகை பறித்தவனை அடையாளம் காண, நெரிசலை முன்கூட்டியே உணர கேமரா தேவை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சித்திரை வீதியில் மளிகைக் கடை வைத்திருப்பவர் முதல் அடுக்குமாடிச் செக்யூரிட்டி வரை எல்லோரும் கேமராவை நம்பித்தான் இருக்கிறார்கள்.

அந்தக் கேமரா பதிவு வேறு யாருக்காவது போகிறதா? இந்தக் கேள்விக்கு மத்திய அரசே 2021 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் ஒரு பதில் சொன்னது. அரசு அமைப்புகளில் உள்ள சுமார் 10 லட்சம் கேமராக்கள் சீன நிறுவனங்களுடையவை. வீடியோ பதிவுகள் வெளிநாட்டு சர்வர்களுக்குப் போகும் வகையில் அவற்றில் பாதுகாப்பு ஓட்டைகள் இருப்பதாகவும் அந்தப் பதில் ஒப்புக்கொண்டது.

அதற்கு மூன்று வருடங்கள் கழித்து, 2024 ஏப்ரலில் புதிய விதி அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் விற்கப்படும் சி.சி.டி.வி கேமராக்களின் ஹார்டுவேர், சாஃப்ட்வேர், அதன் மூல நிரல் எல்லாவற்றையும் அரசு அங்கீகரித்த ஆய்வகங்களில் சோதனைக்குத் தர வேண்டும். எஸ்.டி.க்யூ.சி எனப்படும் மத்திய அரசின் தரப் பரிசோதனை அமைப்பு சான்றளிக்க வேண்டும். இது சீனாவுக்கு மட்டுமான விதி இல்லை. எந்த நாட்டுக் கேமராவாக இருந்தாலும் பொருந்தும். 2025 ஏப்ரல் 9 முதல் அமலுக்கு வந்தது.

விதி அமலாக ஆறு நாள்களே இருந்த நிலையில், ஏப்ரல் 3-ம் தேதி டெல்லியில் ஒரு கூட்டம் நடந்தது. தென்கொரியாவின் ஹன்வா, அமெரிக்காவின் மோட்டோரோலா சொல்யூஷன்ஸ், ஹனிவெல், ஜெர்மனியின் பாஷ், சீனாவின் ஷாவ்மி உட்பட உள்நாட்டு, வெளிநாட்டு நிறுவனங்கள் அதில் கலந்துகொண்டன. சோதிக்க ஆய்வகங்கள் போதாது, வியாபாரம் முடங்கும், காலக்கெடுவைத் தள்ளிவையுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. இது நிஜமான பாதுகாப்புப் பிரச்னை, தள்ளிவைக்க முடியாது என்று அரசு மறுத்துவிட்டது. சீனாவைச் சந்தேகிக்கும் நாடுகளின் நிறுவனங்களும் சீன நிறுவனமும் ஒரே பக்கம் உட்கார்ந்து ஒரே கோரிக்கையை வைத்த காட்சி அது. மூல நிரலை யாருக்கும் காட்டப் பிடிக்காது என்பதில் கம்பெனிகளுக்குள் தேச பேதம் இல்லை.

இந்தக் கூட்டம் நடந்ததே மக்களுக்கு எப்படித் தெரிந்தது? அரசு வெளியிட்ட குறிப்பால் இல்லை. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஆவணங்களைப் பார்த்து மே மாத இறுதியில் எழுதியதால்தான் தெரிந்தது. இந்தமுறை அரசு வளைந்துகொடுக்கவில்லை. வளைந்துகொடுத்திருந்தால், செய்தியும் வராமல் போயிருந்தால், ஸ்ரீரங்கத்துப் பக்தருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

லாபி செய்வது குற்றமா?

தன் தரப்பை அரசிடம் எடுத்துச் சொல்ல எந்த நிறுவனத்துக்கும் உரிமை உண்டு. துவாக்குடி பட்டறை உரிமையாளர்கள் சங்கம் அமைச்சரிடம் மனு கொடுப்பதும் ஒருவகையில் லாபிதான். பிரச்னை, பேசுவது வெளியே தெரியாமல் இருப்பதில் இருக்கிறது.

அமெரிக்காவில் லாபி செய்பவர் பெயரைப் பதிவுசெய்து, எதற்காக எவ்வளவு செலவழித்தார் என்று கணக்குக் காட்ட வேண்டும். அதனால்தான் டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸ், தடையைத் தவிர்க்கப் போராடிய 2023-ல் மட்டும் அங்கே 80 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தது ஊருக்கே தெரிந்தது. ஐரோப்பாவிலும் பதிவேடு உண்டு. பதிவேடு இருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடும் என்றும் இல்லை. 2025 மார்ச்சில், ஹுவாவேக்கு ஆதரவாக ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் லஞ்சம் தரப்பட்டதாக எழுந்த புகாரில் பெல்ஜியம் போலீஸார் சிலரைக் கைதுசெய்தார்கள். ஊழலைச் சகித்துக்கொள்வதில்லை என்றது ஹுவாவே. ஆனால், பதிவேடு இருந்ததால் அந்த நிறுவனத்தின் லாபியாளர்கள் யார் என்பது தெரிந்திருந்தது. அவர்களை உள்ளே விடாமல் நிறுத்த முடிந்தது.

இந்தியாவுக்கு இது புதிய விவாதமும் இல்லை. இந்தியச் சந்தை உட்பட பல விஷயங்களுக்காக 2008 முதல் சுமார் 2.5 கோடி டாலர் செலவழித்ததாக வால்மார்ட் அமெரிக்காவில் தந்த கணக்கு, 2012 டிசம்பரில் இங்கே நாடாளுமன்றத்தை உலுக்கியது. சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டைத் தமிழ்நாட்டில் அனுமதிக்க மாட்டேன் என்று ஜெயலலிதா அறிவித்திருந்த நேரம் அது. நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். 2013-ல் லாபி விவரங்களை வெளியிட வகைசெய்யும் தனிநபர் மசோதா ஒன்றை எம்.பி காளிகேஷ் சிங் தேவ் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. இந்தியாவில் ஒரு கம்பெனி செய்யும் லாபியை அமெரிக்கப் பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைதான் இன்றும்.

இப்போது காற்று மறுபடி திசை மாறுகிறது. 2025 ஆகஸ்ட் இறுதியில் பிரதமர் மோடி சீனாவின் தியான்ஜின் நகருக்குச் சென்றார். அக்டோபரில் இரு நாடுகளுக்கும் இடையே நேரடி விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கின. அரசு டெண்டர்களில் 2020-ல் போட்ட கட்டுப்பாடுகளைத் தளர்த்த மத்திய அரசு யோசிப்பதாகவும் செய்திகள் வருகின்றன. திருச்சிக்கு இதில் இரண்டு பக்கமும் பங்கு உண்டு. வேலி இறங்கினால் பெல்லுக்கும் பட்டறைகளுக்கும் போட்டி திரும்பும். மறுபுறம், அமெரிக்காவின் ஜேபில் நிறுவனம் 2,000 கோடி ரூபாயில் திருச்சியில் எலெக்ட்ரானிக்ஸ் ஆலை அமைத்து 5,000 பேருக்கு வேலை தர 2024 செப்டம்பரில் தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்தது. எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளின் இயந்திரங்களும் உதிரிப் பாகங்களும் பெருமளவு சீனாவிலிருந்தே வருகின்றன. கதவை முழுக்கச் சாத்தவும் முடியாது, முழுக்கத் திறந்துவைக்கவும் முடியாது. எவ்வளவு திறப்பது என்ற பேச்சில் பாய்லர் பிளான்ட் தொழிலாளியின் குரலும் மின் கட்டணம் கட்டுபவரின் குரலும் கேட்குமா என்பதே கேள்வி.

வீட்டில் கேமரா வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு...

2016-ல் மிராய் என்ற மால்வேர் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் கைப்பற்றி, அமெரிக்காவின் பெரிய இணையதளங்களையே முடக்கியது. சிக்கிய கருவிகளில் கணிசமானவை சீனத் தயாரிப்பு. மால்வேரை உருவாக்கியதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்ட மூவரோ அமெரிக்க இளைஞர்கள். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது, யாரும் மாற்றாமல் விட்ட பழைய பாஸ்வேர்டு. எனவே...

* கேமராவோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். பொருத்திக் கொடுத்தவர் போட்ட பாஸ்வேர்டு என்றால் கட்டாயம் மாற்றுங்கள்.

* கேமராவுக்கும் அதன் ஆப்புக்கும் வரும் அப்டேட்களைத் தள்ளிப்போடாதீர்கள்.

* புதிதாக வாங்கும்போது அந்த மாடலுக்கு எஸ்.டி.க்யூ.சி சான்று இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். பிராண்டு பெயர் இந்தியப் பெயராக இருந்தாலும் கேளுங்கள். உள்ளே இருக்கும் சர்க்யூட் எங்கிருந்து வந்தது என்பதை அட்டைப் பெட்டி சொல்லாது.

* வைஃபை ரூட்டரில் 'கெஸ்ட்' நெட்வொர்க் வசதி இருந்தால் கேமராவை அதில் இணையுங்கள். பேங்க் வேலை பார்க்கும் போனும் கேமராவும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டாம்.

* படுக்கையறை, உடை மாற்றும் இடம் பக்கம் கேமராவே வேண்டாம். எந்த நாட்டுத் தயாரிப்பானாலும்.

வீட்டுக் கேமராவைப் பற்றிக் கடைக்காரரிடம் கேட்கலாம். ஊர்க் கேமராவைப் பற்றி? அதற்கு 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தெருவில் பொருத்திய கேமராவுக்கு டெண்டர் எப்போது விடப்பட்டது, எந்த நிறுவனம் எடுத்தது, சான்றிதழ் உண்டா, பதிவுகள் எத்தனை நாள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்று மாநகராட்சியிடம் கேட்கலாம். கொள்கை முடிவுக்கு முன் எந்தெந்த நிறுவனங்களைச் சந்தித்தீர்கள் என்று அமைச்சகத்திடமும் கேட்கலாம். பாதுகாப்புக் காரணம் சொல்லி சிலவற்றை மறுப்பார்கள். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். லாபிக்கென ஒரு பதிவேடு வரும்வரை, 1785-ல் காவிரிக் கரை விவசாயிக்குக் கிடைக்காத அந்தக் கேள்வி கேட்கும் உரிமைக்கு இன்றைய கட்டணம் 10 ரூபாய்.